கம்பி விட்டு வைத்த வீடுகள்

சென்னையில் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். நாலைந்து வீடுகளின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். 1980களின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பில்லர் போட்டுக் கட்டியவர்கள், தளத்தோடு கம்பியை வெட்டிவிடாமல் இரண்டடி மூன்றடி மேலே விட்டு வைத்தார்கள். "பின்னாடி மாடி எடுக்கணும்னா வேணும்ல" என்பது காரணம். மகள் கல்யாணம் முடியட்டும், பி.எஃப். பணம் வரட்டும், பையன் வேலையில் அமரட்டும் என்று அந்தப் 'பின்னாடி' தள்ளிக்கொண்டே போனது. கம்பியில் கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தினார்கள். குழந்தைகள் கண்ணில் குத்தாமலிருக்கக் கம்பி முனைகளில் காலி பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தார்கள். அப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாடி எடுக்கின்றன. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சாரம் கட்டியிருக்கிறது. கட்டியவர் காலமாகியிருப்பார், அல்லது எண்பதைத் தொட்டிருப்பார். மாடி எடுப்பது பிள்ளை. அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தான் பிறந்து வளர்ந்த வீடு எதன் மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். சிமெண்டு மாறியது, கம்பி மாறியது, சட்டம் மாறியது. அவற்றைவிட முக்கியமாக, கீழ்வீட்டைப் பற்றிய அறிவு கைமாறாமல் போய்விட்டது.

அன்று மாடி எடுக்க நினைத்தவர் முதலில் தேடிப் போனது, கீழ்வீட்டைக் கட்டிய கொத்தனாரை. பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். பத்து வருடம் கழித்தும் அதே தெருவில் வேறு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருப்பார். எத்தனை அடி வானம் தோண்டினோம், அடியில் என்ன மண் வந்தது, கருங்கல் எத்தனை அடி அகலத்தில் போட்டோம், கிணற்றுப் பக்கம் மண் சரிந்ததால் அங்கே மட்டும் இன்னும் ஓரடி இறக்கினோம் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். "தாராளமா எடுக்கலாம் சார், அன்னிக்கே மாடிக்குச் சேர்த்துதான் போட்டிருக்கேன்" என்பார். சில வீட்டில், "வேண்டாம் சார், மேலே ஒரு ஓட்டுக் கொட்டகையோட நிறுத்திக்குங்க" என்றும் சொல்வார். கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. ஆனால் மண்ணைக் கையால் அள்ளிப் பார்த்தவர் சொன்னது.

இன்னும் முந்தைய காலத்து மாடிகள் வேறு வகை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. தேக்கு உத்தரம் போட்டு, அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்களை அடுக்கி, சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் கட்டையால் அடிப்பார்கள். சுவரே எல்லாப் பாரத்தையும் தாங்கும் வீடுகள் அவை. மேலே ஒரு அடுக்கு வேண்டுமென்றால் சுவர் மேல் சுவராக ஏற்றினார்கள். கீழே சுவர் இல்லாத இடத்தில் மேலேயும் சுவர் வைக்க மாட்டார்கள். அந்த ஒரு கட்டுப்பாடே அந்த வீடுகளைக் காப்பாற்றியது.

சுதந்திரத்துக்குப் பின் புறநகர் வளர்ந்தபோது வந்தவை ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள சின்ன வீடுகள். 1961-இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும், கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்களும், 1977-இல் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. போன்ற கடன் நிறுவனங்களும் அரசு ஊழியரையும் ஆலைத் தொழிலாளியையும் சொந்த வீட்டுக்காரராக்கின. அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனை. முன்னால் ஒரு சின்ன வராண்டா, ஹால், இரண்டு அறை, சமையலறை, பின்னால் கிணறு. தரையோடு தரையாக ஒரு வீடு. மாடி என்பது எதிர்காலத்துக்கு ஒத்திப்போட்ட ஆசை.

அந்த ஆசையை ஒத்திப்போட வைத்தது பணம் மட்டுமல்ல. 1982 பிப்ரவரியில் ஓரளவு தளரும் வரை சிமெண்டு முழுக்க அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1989 மார்ச்சில்தான் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. மனு எழுதி, பர்மிட் வாங்கி, கிடைத்த மூட்டைகளை எண்ணிச் செலவழித்த காலம். சிமெண்டைத் தளத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, சுவர்க் கட்டுக்கும் பூச்சுக்கும் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்ட வீடுகள் உண்டு. அந்தக் காலத்துத் தளம் பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு: ஒரு சட்டி சிமெண்டு, இரண்டு சட்டி மணல், நாலு சட்டி ஜல்லி. இன்றைய கணக்கில் அது எம்-15 என்ற வலிமைத் தரத்துக்கு வரும். இந்தியத் தரநிலை 2000-இல் திருத்தப்பட்டபோது, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-20 வேண்டும் என்றானது. இன்று மாடி எடுக்கப்படும் வீடுகளில் பல, இந்தத் திருத்தத்துக்கு முன்னால் கட்டியவை. அவற்றைத் தரமற்ற வீடுகள் என்று சொல்லவில்லை. தண்ணீர் அளவாகக் கலந்து, நன்றாக இடித்து இறுக்கிய பழைய தளம் இன்றைய அவசரத் தளத்தைவிட உறுதியாக இருப்பதுண்டு. ஆனால் எது எப்படி என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பார்ப்பது எப்படி? நான் ஒரு வீட்டில் கூட நின்று பார்த்ததைச் சொல்கிறேன். 1985 வாக்கில் கட்டிய வீடு, தாம்பரத்துக்குப் பக்கம். பில்லர் கிடையாது, சுவர் தாங்கும் வீடு. மாடி எடுக்கலாமா என்று பார்க்க வந்த பொறியாளர் சுவரைப் பார்க்கவில்லை, மேலே ஏறவுமில்லை. பின்பக்கம் துவைக்கும் கல்லுக்கு அருகே சுவரை ஒட்டி மூன்றடிக்கு மூன்றடி குழி எடுக்கச் சொன்னார். முதல் ஓரடிக்குச் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் கலந்த நிரப்பு மண். அதற்குக் கீழே பேஸ்மட்டத்துக் கருங்கல் தெரிந்தது; இடுக்குகளில் இருந்தது சிமெண்டுக் கலவை அல்ல, செம்மண் சேறு. இன்னும் ஓரடி இறங்கியதும் கல்வரிசை சுவரைவிட அரையடி வெளியே அகன்றது. அதற்கும் கீழே செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புப் படுகை, அதன் கீழ் ஆற்று மணல். மூன்றரை அடியில் மண் நிறம் மாறியது. பொறியாளர் ஒரு பிடி எடுத்து உருட்டினார். உருண்டையாகத் திரண்டு, விரலில் ஒட்டியது. களிமண். வெயிலில் சுருங்கி மழையில் உப்புகிற மண்.

அந்தக் குழியை வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷமா இது மேலேதானா இருக்கோம்" என்றார். பயந்து சொன்னதாகத் தெரியவில்லை. முதல்முறையாக அறிமுகமானதுபோலச் சொன்னார்.

சென்னை மண் தெருவுக்குத் தெரு வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் மணல்; வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களியும் சதுப்பும்; பரங்கிமலை, பல்லாவரத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. விருதுநகர், கோவில்பட்டி கரிசலில் கதையே தனி. அங்கே தரைவீட்டுச் சுவர்கூடக் கோடையில் விரிசல் விட்டு ஐப்பசியில் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டார், நாமும் எடுக்கலாம் என்பது ஒரு நியாயமே அல்ல.

பாரக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒன்பது அங்குலச் சுவர், பத்தடி உயரம், ஓரடி நீளம் என்று எடுத்தால் அதன் எடை சுமார் 400 கிலோ. இருபதுக்கு முப்பது, அதாவது 600 சதுர அடிக்கு மாடி எடுத்தால் வெளிச்சுவரே நூறடி நீளம். கதவு ஜன்னலைக் கழித்தாலும் 30 டன்னுக்கு மேல். ஐந்து அங்குலத் தளம் ஏறக்குறைய 18 டன். உள்சுவர், பூச்சு, தரைக்கல், கைப்பிடிச் சுவர், கட்டில் பீரோ மனிதர்கள், உச்சியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எல்லாம் சேர்ந்தால் 70 டன்னுக்குக் குறையாது. இத்தனையும் போய் உட்காரப்போவது அந்தக் குழியில் பார்த்த அரையடி அகன்ற கல்வரிசையின் மேல்.

அன்றைக்கு இந்தக் கணக்கை ஈடுகட்டியது அடக்கம். மாடி என்றால் ஒரே ஒரு அறை, முன்னால் ஓடு வேய்ந்த சின்னத் தாழ்வாரம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவசரமாக எழும்பும் 'மேல் ரூம்'. தெற்கே மச்சு என்பார்கள், மெத்தை என்பார்கள். மீதி இடம் வடாம் காயவும் கோடை இரவில் பாய் விரிக்கவும் திறந்து கிடக்கும். பாரமும் கொஞ்சம்தான் ஏறியது. இன்றைக்கு அப்படி யாரும் கட்டுவதில்லை. கீழே எத்தனை சதுர அடியோ, மேலேயும் அத்தனை. பால்கனிக்காக வெளியே மூன்றடி நீட்டல் வேறு. இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, மாடுலர் கிச்சன். வாடகை வந்தால் தவணை அடையும் என்ற கணக்கு.

இந்தப் பெருக்கத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. மனை விலை ஏறியதில் புறநகரில் இன்னொரு மனை வாங்குவது சம்பளக்காரருக்கு எட்டாக்கனி. தலைக்கு மேலிருக்கும் வெற்றிடம் இலவசம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனையின் பரப்பைப்போல ஒன்றரை மடங்காக இருந்த கட்டட அளவை இரண்டு மடங்காக உயர்த்தின. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி வரை எழுப்பலாம். இன்னொரு காரணத்தை மக்கள் வாயால் கேட்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, கோட்டூர்புரம் பகுதிகளில் தரைவீட்டுக்காரர்கள் அன்று இரவு ஏறி நிற்க ஒரு மாடி இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாடி உள்ள அண்டை வீட்டார் கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. அதன் பிறகு சிலர் வீட்டையே ஜாக்கி வைத்து மூன்றடி நாலடி உயர்த்தினார்கள். சிலர் மாடி எடுத்தார்கள். வாடகைக்காக எடுக்கும் மாடியைப் பற்றி எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு; வெள்ளத்துக்குப் பயந்து எடுக்கும் மாடியை நான் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டேன், அஸ்திவாரத்தைப் பார்த்தீர்களா என்பதைத் தவிர.

அனுமதி வாங்குவதும் தலைகீழாக மாறியிருக்கிறது. அன்று டிரேசிங் தாளில் வரைந்து, நீலப் பிரதி எடுத்து, பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் பலமுறை நடக்க வேண்டும். நடக்காமலே கட்டியவர்களும் ஏராளம். கீழ்வீட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கி, மாடியை ஓசைப்படாமல் ஏற்றிவிட்டு, வீட்டுவரி போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்றைய வழக்கம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோர் இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. நடுத்தரக் குடும்பங்களை இழுத்தடிப்பிலிருந்து மீட்ட நல்ல ஏற்பாடு இது, வரவேற்கிறேன். ஆனால் இதன் பொருளை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும். அனுமதி வரைபடம் எல்லையையும் பக்கவெளியையும் உயரத்தையும் சொல்லும். நாற்பது வருடத்துக்கு முன் புதைத்த கருங்கல்லின் அகலத்தை அது சொல்லாது. யாரோ ஒரு அதிகாரி வந்து பார்ப்பார் என்ற பழைய நினைப்பை விட்டுவிட வேண்டும். குனிந்து பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரரே.

வங்கிக் கடன் வாங்குவோருக்கு இன்னொரு முடிச்சு. மேல்தளத்துக்குக் கடன் கேட்டால் கீழ்த்தளத்தின் அனுமதியைக் கேட்பார்கள். அப்பாவின் இரும்புப் பெட்டியில் அந்தக் காகிதம் இருந்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் அதில் உள்ள வீடும் நிற்கிற வீடும் ஒன்றாக இருக்காது. பின்பக்கம் சமையலறை நாலடி நீண்டிருக்கும், பக்கவெளியில் குளியலறை முளைத்திருக்கும்.

பில்லர் போட்ட வீடுகள், கம்பி விட்டு வைத்த வீடுகள், இவற்றில் கவலை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். முப்பது மழைக்காலம் பார்த்த கம்பி வெளியே செதில் செதிலாக உதிர்ந்திருக்கும், பன்னிரண்டு மி.மீ. கம்பி, தேய்த்துத் துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் பத்துகூட இருக்காது. மேஸ்திரி கம்பி பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, புதுக் கம்பியைப் பக்கத்தில் வைத்துக் கட்டிவிடப் பார்ப்பார். ஒட்டுக் கம்பியின் நீளம் விட்டத்தைப்போல ஐம்பது மடங்காவது இருக்க வேண்டும் என்பது வேலையிடத்துக் கணக்கு, பன்னிரண்டு மி.மீ.க்கு இரண்டடி. நீட்டியிருக்கும் துருக்கம்பியோ பல இடங்களில் ஓரடியில் வளைந்து முறிந்துபோயிருக்கும். சரியான வழி, பில்லர் தலையைக் கொத்தி நல்ல கம்பி தெரியும் வரை இறங்குவது, அல்லது பொறியாளர் கணக்குப்படி துளையிட்டு ரசாயனப் பசையால் புதுக் கம்பி நடுவது. செலவும் நேரமும் பிடிக்கும். அன்றைக்கே கம்பியைச் சுற்றி நாலு சட்டி ஒல்லிக் கான்கிரீட் போட்டு மூடி வைத்திருந்தால் பாதி பிழைத்திருக்கும். அப்படி மூடி வைத்த வீடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். உடைத்தால் உள்ளே கம்பி கடையில் வாங்கிய நிறத்தில் இருக்கிறது. அந்த மேஸ்திரிகளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

கம்பி வகையும் கவனிக்க வேண்டியது. எழுபதுகளின் வீட்டில் வழவழப்பான உருட்டுக் கம்பி, எண்பதுகளில் முறுக்குக் கம்பி, பின்னர் டி.எம்.டி. தளத்தின் அடியில், குறிப்பாகக் குளியலறைக்கு மேலும் சமையலறைக்கு மேலும், பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பிக்கு அடியில் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துத் தளம் போட்ட காலம் அது. பல இடங்களில் அரை அங்குல மூடாக்குகூட இருக்காது. இப்போது ரீபவுண்ட் சுத்தியல், அல்ட்ராசோனிக், கோர் எடுத்து நசுக்கிப் பார்ப்பது என்று சோதனைகள் வந்துவிட்டன. வீட்டின் முகப்புக்கு 'எலிவேஷன்' டிசைன் போடுவதற்கும் கருங்கல் ஓடு ஒட்டுவதற்கும் கொடுக்கும் தொகையோடு பார்த்தால் இந்தச் சோதனைச் செலவு அற்பம். அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபம் அதிகம்.

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நிலநடுக்கம் வந்தபோது சென்னையிலும் வீடுகள் ஆடின. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் குஜராத் பூகம்பம். 2002-இல் திருத்திய தரநிலை, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதற்கு முன் கட்டிய தரைவீடு, ஒற்றைத் தளமாக இருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. மாடி ஏறும்போது உயரமும் எடையும் சேர்ந்து கணக்கு மாறுகிறது. 2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு மண் பரிசோதனை என்ற பேச்சு வீடு கட்டுகிற எளிய மக்கள் வாயிலும் வந்தது. கொஞ்ச நாளில் அடங்கியும் போனது.

இன்றைய பொருள்களில் மனதுக்கு ஆறுதலானது எடை குறைந்த கல். ஏ.ஏ.சி. பிளாக் என்று தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கல் வந்திருக்கிறதே, அதன் எடை சூளைச் செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முன் சொன்ன நூறடிச் சுவரை இதில் எட்டு அங்குலத்துக்குக் கட்டினால் 40 டன் என்பது 13 டன்னுக்கு இறங்கிவிடும். தாம்பரம் வீட்டில் கடைசியில் எடுத்த முடிவும் இதுதான். முழு மாடி வேண்டாம். கீழே சுவர் இருக்கும் இடத்தின் மேல் மட்டும் வெள்ளைக் கல்லில் இரண்டு அறை, தளத்துக்குப் பதில் இரும்புச் சட்டமும் தகடும், உள்ளே வெப்பம் தடுக்கும் கூரை. பழைய மொட்டை மாடியின் தட்டோட்டையும் சுண்ணாம்பு ஜல்லியையும் முதலில் கொத்தி இறக்கினார்கள். 600 சதுர அடியில் இதுவே எட்டுப் பத்து டன் வரும். மழைநீருக்காகப் போட்டது, மேலே கூரை வந்தபின் அதற்கு வேலையில்லை. பலரும் இதை இறக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டி, வீணாக ஒரு பாரத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். மாடிக் குளியலறைக்கு மட்டும் ஒரு படி ஏற வேண்டியிருந்தது. புதுத் தளமானால் குளியலறை இடத்தைத் தாழ்த்திப் போட்டுக் குழாயை அதற்குள் ஓட்டிவிடலாம். பழைய தளத்தைத் தாழ்த்த முடியாதே, அதனால் தரையை உயர்த்தினார்கள். பழைய வீட்டின் மேல் எடுத்த மாடி எது என்று அடையாளம் காண, குளியலறை வாசலைப் பார்த்தால் போதும்.

வேலை நடக்கும் நாள்களின் முகமும் மாறிவிட்டது. அன்று தையில் தொடங்கி ஆடிக்குள் தளம் போட்டு முடிப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன் வீடு மூடியிருக்க வேண்டும். குடும்பம் கீழேயே குடியிருக்கும். தளம் போடும் அன்று விடியற்காலையில் பூசணிக்காய் உடைத்து, சித்தாள்கள் படியிலும் சாரத்திலும் வரிசையாக நின்று இரும்புச் சட்டியைக் கைமாற்றி ஏற்றுவார்கள். இடையில் நிறுத்தக் கூடாது என்பதால் சாப்பாடு முறை வைத்து நடக்கும். இரவு எல்லோருக்கும் வீட்டுக்காரர் செலவில் சாப்பாடு. மறுநாளிலிருந்து தளத்தின் மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. இன்று ரெடிமிக்ஸ் வண்டி தெருமுனையில் நிற்கிறது, குழாய் வழியாகக் கலவை மேலே போகிறது, பாதி நாளில் தளம் முடிகிறது. வேலையாள்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து, இந்த வீட்டை முடித்ததும் வேறு ஊர் போகிறவர்கள். கலவை இன்று நிச்சயமாக மேல். வைப்ரேட்டர் இறுக்குவதைக் கை இறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தக்காரர் அடுத்த வேலைக்கு ஓடிவிட, பாத்தியில் தண்ணீர் நிறுத்த ஆளில்லாமல் மூன்றாம் நாளே தளம் வெள்ளையாகக் காய்ந்து கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். பத்துப் பதினான்கு நாள் ஈரம் காக்காத தளத்துக்கு எந்த எம்-20யும் உதவாது.

மாடிப்படியிலும் ஒரு காலமாற்றம் தெரிகிறது. அன்றைய படி வீட்டுக்குள் ஹாலிலிருந்து ஏறும். மேலே இருப்பவர் மகனும் மருமகளும்தானே. இன்றைய படி வெளியே, கேட்டை ஒட்டி, கீழ்வீட்டுக் கதவைத் தொடாமல் ஏறுகிறது. மேலே தனி மின் மீட்டர், தனிச் சமையலறை, வாடகைக்குக் குடி வரும் ஐ.டி. தம்பதி. வீட்டுக்காரரின் மகன் டொராண்டோவிலோ பெங்களூரிலோ இருக்கிறார். மேல்வீட்டைத் தம்பிக்கும் கீழ்வீட்டை அண்ணனுக்கும் என்று பாகம் எழுதும் குடும்பங்களில், படி யாருக்கு, மொட்டை மாடி யாருக்கு, சம்ப் மோட்டார் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளாமல் பின்னால் நீதிமன்றம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். கட்டும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். வயதான பெற்றோர் எந்தக் காலத்திலும் கீழேதான். முழங்கால் அதை முடிவு செய்துவிடுகிறது. பின்னாளில் லிஃப்ட் வைப்பதற்கென்று படிக்குப் பக்கத்தில் நாலடிக்கு நாலடி இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லும் பொறியாளர்கள் இப்போது வந்திருக்கிறார்கள், நல்ல யோசனை.

அந்தக் கொத்தனாரின் நினைவுக்கு ஈடாக ஒன்று இன்று சாத்தியம். கான்கிரீட் ஊற்றும் முன், கட்டி முடித்த கம்பியின் மேல் டேப்பை வைத்துக் கைபேசியில் படம் எடுக்கலாம். குழியின் ஆழம், கல்லின் அகலம், மண்ணின் நிறம், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பவற்றையும் எடுக்கலாம். பொறியாளர் கையெழுத்திட்ட பாரக் கணக்கு, சோதனை அறிக்கை, அனுமதி வரைபடம் இவற்றோடு அச்செடுத்து வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வைத்துவிட வேண்டும். முக்கியமாக, இந்த அஸ்திவாரம் எத்தனை தளத்துக்கு என்பதை வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். 'தரையும் ஒரு மாடியும் மட்டும்' என்றால் அப்படியே எழுதட்டும். புது மாடியில் இன்னொரு தளத்துக்கென்று கம்பி விட்டு வைக்கும் மேஸ்திரியிடம், இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் தளத்தோடு வெட்டிவிடச் சொல்லுங்கள்.